கேளுங்கள், சொல்கிறோம்: அணைத்துப் போட்டால் போதாதா?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கள் ஜவுளிக்கடைக் கணினியைத் தினமும் இரவு அணைக்கிறோம். அப்படியும் ‘ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று நச்சரிக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, பினாங்கு

பதில்: ஒன்றில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கருவான கெர்னல், டிஸ்கில் பத்திரமாகி, மறுநாள் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

சோதித்துப் பாருங்கள்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியுவைத் தட்டுங்கள். ‘அப் டைம்’ பல நாள் காட்டினால் காரணம் இதுதான். ஷிஃப்டைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும்.

ரீஸ்டார்ட் எதற்கு? அப்டேட் வரும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் புதியதை எழுத விண்டோஸ் பொதுவாக விடாது. அதனால் புதியதை ஓரமாக வைத்து, மறுதொடக்கத்தில் மாற்றுகிறது. அதுவரை பழைய பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ், ஃபைலை உடனே மாற்றிவிடும். ஆனால் ஓடும் புரோகிராம் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப் புரோகிராமை மட்டும் மூடித் திறந்தால் போதும். பெரும்பாலும் கெர்னல் மாறினால்தான் ரீஸ்டார்ட். குரோம் அப்டேட்டுக்கும் பிரவுசரை மூடித் திறந்தாலே சரி.

திரையில் அப்டேட்டின் சதவீதம் ஓடும்போது மட்டும் சுவிட்சைத் தட்டாதீர்கள். இடிமழை மாலையில் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட்டைத் தொடங்கவும் வேண்டாம்.