கனடாவின் சிற்றூர்களில்கூடப் போர் நினைவுத்தூண் இருப்பது ஏன்?
கனடாவில் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரிலும் போர் நினைவுத்தூண் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1914–1918 போரில் உயிரிழந்த 60,000-க்கும் மேற்பட்ட கனடியர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவரப் பிரித்தானியப் பேரரசின் விதி இடம் தராததால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மலர் வைக்க ஊரில் ஒரு கல்லறைகூட இல்லாமற்போனதே முதன்மைக் காரணம். ஆகவே பல இடங்களில் ஊராரே பணம் திரட்டிக் கல் நாட்டினார்கள். அருகே சென்று படித்தால், சில கற்களில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும். உடன்பிறந்தவர்களோ என்று எண்ணும்போது நெஞ்சு கனத்துவிடுகிறது. பின்னர் 1939–1945 போரிலும் கொரியப் போரிலும் மாண்டோரின் பெயர்கள் பெரும்பாலும் அதே கல்லில் சேர்க்கப்பட்டன. ஆண்டுதோறும் போரில் மாண்டோரை நினைவுகூரும் நாளான நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு முதிய படைவீரர்கள் பதக்கங்களோடு அங்கே கூடி இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். அதன்பின் பலர் அவர்கள் நினைவின் அடையாளமாகச் சட்டையில் குத்திய சிவப்புப் பாப்பிப் பூவைக் கழற்றிக் கல்லடியில் வைப்பார்கள்.