வேஷம் கட்டுகிறவர்கள் கேட்டவை: அண்ணாச்சி பதில்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் தையல் கடைக்குத் துணியை விடக் கேள்விகள்தான் அதிகம் வரும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவதாக முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள், மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையைக் கிளப்புகிறவர்கள், இப்போது சினிமா, காமிக்ஸ் பாத்திரம் மாதிரி உடுத்துகிற காஸ்ப்ளே பையன்கள் வேறு. சிலருக்கு இங்கே பதில். என் கட்சி ஒன்றுதான்: வேஷத்தை முதலில் உடம்பு தாங்க வேண்டும், அழகு அப்புறம்.

முதல் தடவையா காளி வேஷம் கட்டுதேன் அண்ணாச்சி. கிரீடம், சடைமுடி, பின்னால எட்டு கை. எவ்வளவு கனம் வரலாம்? (சாத்தான்குளம்)

கணக்கு எதற்கு தம்பி? முழு வேஷமும் கட்டி மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நடந்து பார். கழுத்து இழுத்தால் கிரீடத்தைக் குறை. தோள் கடுத்தால் கைகளை மாட்டிய விதம் சரியில்லை. செட்டோடு, அதாவது சேர்ந்து வேஷம் கட்டுகிற குழுவோடு, ஊர் ஊராகத் தருமம் எடுக்கப் போகிறாய், பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரக் கூட்டத்துக்குள் கடற்கரை மணலில் நிற்கப் போகிறாய். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தது அங்கே உதவாது.

எட்டுக் கையின் பாரம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். முதுகுக்கு மெல்லிய பிளைவுட் பலகை, அதன் அடியில் வயிற்றைச் சுற்றி நாலு விரல் அகல நாடா, உள்ளே ஸ்பாஞ்ச். தோள் நாடா பலகை பின்னால் சாயாமல் பிடிக்க மட்டும்தான். அதை நெஞ்சில் குறுக்காகக் கட்டினால் நழுவாது. கைகளை ஃபோமில் வெட்டு. வடக்கே தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்தையும் தோளில் மாட்டுகிற புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். மரம்தான், ஆனால் கையில் எடுத்தால் கனமே தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள்.

சூலமும் வாளும் அட்டையில் இருக்கட்டும். உலோக ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று போலீஸ் அறிவிப்பதுண்டு, கூட்டத்தில் அடுத்தவன் கண்ணும் முக்கியம். தீச்சட்டி எடுக்கிறவர் பக்கம் போகாதே. நைலான் சடை பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விரதம் 41 நாளா 48 நாளா, கையில் காப்புக் கட்டுவது எப்போது, குடிலில் எப்படித் தங்குவது என்பதெல்லாம் செட்டில் மூத்தவரைக் கேள். நான் தையல்காரன்.

முகத்துக்கு என்ன பூசலாம்? போன வருஷம் மூணு நாள் எரிச்சல். (ஆலங்குளம்)

பெயிண்ட் கடைச் சாயம், ஹோலிப் பொடி இரண்டும் வேண்டாம். நாடகக்காரர்கள் பூசும் முத்துவெள்ளை துத்தநாக ஆக்சைடுதான். தேங்காய் எண்ணெயில் குழைத்து, முகத்திலும் முதலில் மெல்லிசாக எண்ணெய் தடவிவிட்டுப் பூசுங்கள். பழைய அரிதாரக் கட்டி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அசல் அரிதாரம் ஆர்சனிக் உள்ள தாது. உதட்டில் பட்டால் வயிற்றுக்குள் போகும். விலை மலிவான செந்தூரத்திலும் ஈயம் இருக்கலாம், கண்ணோரம் கொண்டுபோக வேண்டாம். எதுவானாலும் முந்தின நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். கலைக்கும்போது சோப்புப் போட்டுத் தேய்க்காமல், எண்ணெயை வைத்துத் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கடலை மாவு.

சென்னை காமிக் கானுக்கு வீரன் கவசம் செய்யணும். இங்க ஃபோம் எங்க கிடைக்கும்? (வண்ணார்பேட்டை, கல்லூரி மாணவன்)

2024-ல் சென்னையில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. தனியாகத் தேடி அலையாதே, யோகா விரிப்பு போதும், ஈ.வி.ஏ. (ஃபோம் வகையின் பெயர்) என்று போட்டிருப்பதை வாங்கு. காகிதத்தில் வெட்டி, உடம்பில் வைத்துப் பார்த்து, பிறகு ஃபோமில் வரை. புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டு; மொட்டை பிளேடு ஓரத்தைப் பிய்த்துவிடும். ஒட்டுவதற்குச் செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மார்புத் தட்டு வாசலிலேயே பிரியும். அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும்; ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் அடுப்பு கூடாது. வளைவுக்குச் சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டி, சூடு இருக்கும்போதே முழங்காலில் வைத்து அமுக்கு. பெயிண்டுக்கு முன் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு மூன்று பூச்சு, இல்லாவிட்டால் ஃபோம் சாயத்தைக் குடித்துவிடும். உள்ளே பனியன் துணி போடு.

மக எல்.கே.ஜி. தேவதை வேஷம், சிறகு நிக்க மாட்டேங்குது. கட்டபொம்மனாவே அனுப்பிரலாமான்னு இருக்கு. (அம்பாசமுத்திரம்)

பாஞ்சாலங்குறிச்சிக்காரர் எல்லாப் பள்ளி மேடையிலும் மூன்று பேராவது இருப்பார் தாயி, பிள்ளை ஆசைப்பட்டதையே போடுங்கள். கட்டுக்கம்பியை விட்டுவிட்டு அலுமினியக் கம்பியில் சட்டம் செய்து நெட் துணி இழுத்துத் தையுங்கள். கம்பி முனையைச் சுருட்டி டேப் சுற்றுங்கள். பின் ஊக்கு போட்டு ஃபிராக்கில் மாட்டினால் துணி தொங்கும், சிறகும் சாயும். ஸ்கூல் பை போல இரண்டு தோள் நாடா வைத்தால் நிற்கும்.

வேஷத்தோட அவசரத்துக்கு எப்படி ஒதுங்குறது? (பெயர் வேண்டாம் என்றார்)

எல்லாரும் நினைக்கிற கேள்வி, கேட்டது நீங்கள் ஒருத்தர்தான். மேலும் கீழும் தனித்தனியாகத் தைக்கச் சொல்லுங்கள். கரடி, குரங்கு மாதிரி ஒரே உருப்படியாக இருந்தால் ஜிப் முன்பக்கம் வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்தான் வெயிலில் மயங்கி விழுகிறார்கள்.

ஆம்பளைக்குப் பொம்பளை வேஷம், ஜாக்கெட் மட்டும் சரியாவே வரல. (கடையநல்லூர்)

பெண் அளவு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தால் வராது. தோள் அகலத்துக்குப் புதிதாக வெட்டி, அக்குளில் சதுரத் துண்டு சேர்க்க வேண்டும். சுடலைமாடன் கோயில் கொடையில் பெண் வேஷம் கட்டிக் கணியான் கூத்து ஆடுகிற ஆண் கையைத் தூக்கும்போது பாருங்கள், தையல் எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று தெரியும்.

முடிஞ்ச பிறகு கிரீடத்தைப் பரண்ல வச்சா எலி தின்னுருது. (உடன்குடி)

எலி தேடி வருவது மைதாப் பசையை. புத்தக பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் எடுத்து விளையாடும் வீட்டில் வேண்டாம். வேர்வை காயும்வரை நிழலில் வைத்து, உள்ளே நியூஸ்பேப்பர் திணித்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.