மோட்டார் கேள்வி-பதில்: எதிர்க்காற்றில் திணறும் கிளாசிக் 350

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி இருக்கிறது. 48,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் 70-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. 500 சிசி பேரல், பிஸ்டன் போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: முதலில் காற்றின் கணக்கைப் பாருங்கள். 80-ல் போகும்போது எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், வண்டி 110-ல் போகிற காற்றைத் தள்ள வேண்டும். அதாவது தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருக்கிற 19.8 குதிரைத்திறனோடு இரண்டு மூன்று கூட்டினாலும் அந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்தாவது கியரிலேயே இழுக்காமல் நான்குக்கு இறக்குங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தால் இழுவை ஐந்தாறு சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். செலவு மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் எஞ்சின் எங்கே கசிகிறது என்று பாருங்கள். இந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஆட்டோ டிகம்ப்ரஷர் இருப்பதால் கிக்கர் மிதித்துப் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைத்தே காட்டும், அதை நம்ப வேண்டாம். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளக் துளை வழியாகக் காற்றேற்றிக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் 'உஸ்' என்றால் இன்லெட் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் பிஸ்டன் ரிங்கு. பழுது பார்த்தாலே போன பிக்கப் பாதி திரும்பிவிடும்.

500-க்கு மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 90 மி.மீ.தான், போர் (சிலிண்டரின் விட்டம்) மட்டும் 70-லிருந்து 84 ஆகும். ஆனால் ஆர்.சி.யில் 346 சிசி என்று இருக்கும்போது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182A-ன்படி 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

சிசியை மாற்றாமல் கம்ப்ரஷன் விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) மட்டும் 8.5-லிருந்து 9-க்கு ஏற்ற, பேரல் உயரத்தில் சுமார் 0.75 மி.மீ. லேத்தில் எடுத்தால் போதும். அந்த அளவுக்குப் புஷ்ராடு (வால்வை இயக்கும் தள்ளுகம்பி) தன் அடியில் இருக்கும், ஆயிலால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட்டை அதிகமாக அமுக்கும், வால்வு முழுசாக மூடாமல் போகலாம். புஷ்ராடு நீளத்தைச் சரி பார்க்காமல் பூட்டவே கூடாது. பிஸ்டன் தலையில் பிசைகளிமண் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். வால்வுக்கு 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

கேள்வி: திறந்த ஏர் ஃபில்டரும் ஓட்டை சைலன்சரும் போட்டேன். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கிறது. பைப் நீலமாகிவிட்டது.
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. இப்படியே மணிமுத்தாறு மலையேற்றத்தில் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதலில் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரில் விரிசல் உண்டா என்று பாருங்கள். பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டி, நான்காவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக் கில் சுவிட்சை அமுக்கி, ஓரம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். காலிச் சாலையில் மட்டும் செய்யுங்கள். பீங்கான் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு படி, டீ நிறமென்றால் சரி, கரியென்றால் ஒரு படி குறைக்க வேண்டும். பாதி ஆக்சிலேட்டரில் திணறல் இருந்தால் ஜெட்டைத் தொடாதீர்கள், கார்புரேட்டர் ஊசி கொஞ்சம் உயர்ந்து பெட்ரோல் கூடும்படி அதன் கிளிப்புக்கு அடியில் 0.5 மி.மீ. வாஷர் ஒன்று வையுங்கள். அந்தச் சைலன்சரைக் கழற்றிப் பழையதைப் போட்டாலே நடுத்தர வேக இழுவை திரும்பும், போலீஸ் தொல்லையும் இருக்காது.