வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை

எட்டு வயது மகனுக்கு மூன்றாம் வகுப்பிலும் சரியாக வாசிக்க வரவில்லை என்று, பதினோரு கேள்விகளுக்கு எண் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது, எண் போடாமல் நடுவில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில்: “இப்போதெல்லாம் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறான், லீவு நாளில் ஓடியாடி விளையாடுகிறான்.”

அவன் நடிக்கவில்லை. பயத்தில் வயிறு பிசைவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் ‘பயம்’ என்று சொல்லத் தெரியாது, வலி என்றுதான் சொல்லத் தெரியும். ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, வாந்தி, காய்ச்சல் எதுவும் இல்லையென்றால், ஸ்கேன் எடுக்க அலைவதைவிட அவன் எந்தப் பாடவேளைக்குப் பயப்படுகிறான் என்று கண்டுபிடிப்பது முக்கியம். “ஏன் போகமாட்டேன் என்கிறாய்?” என்று கேட்டால் பதில் வராது. “இன்றைக்கு வகுப்பில் யார் யார் எழுந்து நின்று வாசித்தார்கள்?” என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிடித்த விளையாட்டையே விட்டுவிடுகிறான், சாப்பாடும் தூக்கமும் குறைகிறது, ‘நான் மக்கு’ என்பது தினசரிப் பேச்சாகிறது என்றால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இல்லாமலே இருந்திருக்கலாம்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். படிப்புப் பிரச்சினையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இது அப்படிக் காத்திருக்காது.

சரி, நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்விக்கு வருகிறேன். ‘மூளை வளர்ச்சி குறைவோ?’ என்பதுதானே? சொன்ன கதையை மறுநாள் வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான், ஒருமுறை போன வழியை மறப்பதில்லை, பழைய கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டுகிறான் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதே பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் நாலு வரி வாசிக்கத் திணறுகிறான், ஒரே பக்கத்தில் ‘பள்ளி’யை பளி, பல்லி, பள்ளீ என்று மூன்று விதமாக எழுதுகிறான் என்றால் முதலில் நினைக்க வேண்டியது கற்றல் குறைபாட்டை, அதாவது அறிவு குறையாமலே வாசிப்பு, எழுத்து, கணக்கில் மட்டும் திணறுவதை; அதிலும் வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்கும் டிஸ்லெக்ஸியாவை. கடிதத்தை மட்டும் வைத்து முத்திரை குத்தமாட்டேன். ஆனால் படம் பழகிய படம். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படி ஒரு பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். இன்றைய கணக்கில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு ஏதோ ஒரு வகைக் கற்றல் குறைபாடு இருக்கிறது. உங்கள் மகனின் வகுப்பிலேயே இன்னொருவர் இருக்கலாம்.

இப்படிப்பட்ட பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ‘மரத்தில் குரங்கு இருந்தது’ என்று எழுதியிருக்கும். ‘கு’ வரை வந்து, மீதியை ஊகித்துக் ‘குருவி’ என்பான். சோம்பேறித்தனம் அல்ல அது, தப்பிக்கும் வழி. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், ஒலியை எழுத்தோடு ஒட்டுவதும் நமக்குத் தானாக நடக்கிறது. அவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனி வேலை. அதிலும் ‘கொ’வைப் பாருங்கள்: கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், ஒலி மட்டும் ஒன்று. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள், டக் டக்கென்று பதில் சொல்வான். இதை இன்று இரவே செய்து பாருங்கள், நூறு இணையக் கேள்வித்தாள்களைவிட இது அதிகம் சொல்லும்.

நீங்கள் நிரப்பிப் பார்த்த இணையக் கேள்வித்தாளைப் பற்றி: இருபது கேள்விக்கு ‘ஆம்’ சொன்னதும் ‘85 சதவீதம் டிஸ்லெக்ஸியா’ என்று வந்ததாம், கீழேயே ஒரு பயிற்சி வகுப்பின் விளம்பரமும் இருந்ததாம். வேறென்ன வரும்? ஞாபகசக்தி டானிக் இரண்டு பாட்டில் முடித்தாயிற்று என்கிறீர்கள். மூன்றாவதை வாங்காதீர்கள். கற்றல் குறைபாட்டுக்கு மருந்தே கிடையாது. கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் வாசிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இந்தக் குறைபாடு உள்ள மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு, ஒன்றில் மனம் நிற்காத கவனக்குறைபாடும் சேர்ந்தே இருக்கும், அதற்கு மருந்து உண்டு. அது தேவையா என்பதை நேரில் பார்த்த மருத்துவர் முடிவு செய்வார். உறவுக்காரப் பையன் சாப்பிடும் மாத்திரை உங்கள் பையனுக்கு வேண்டாம்.

உங்கள் மற்ற சந்தேகங்களுக்கு: இடது கையால் எழுதுவதால் கற்றல் குறைபாடு வராது. இரண்டு மொழி படிப்பதால் வராது. செல்போனாலும் வராது, அதற்காகக் கையில் கொடுத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. ர, ற மாற்றி எழுதுவதா? பெரியவர்களில் எத்தனை பேர் சரியாக எழுதுகிறோம்! அதை விடுங்கள். ஆனால் முன்பு நன்றாக வாசித்த, பேசிய பிள்ளைக்கு வந்தது மறந்துபோகிறது, அல்லது பேச்சின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்து நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“நாலு போட்டால் சரியாகிவிடும்” என்கிற உங்கள் கணவரிடம், அவருக்கு எத்தனை வயதில் சரளமாக வாசிக்க வந்தது என்று கேளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இது குடும்பத்தில் வரக்கூடியது. பல அப்பாக்கள் என் அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும் இப்படித்தான் அடி வாங்கினேன்” என்பார்கள். அடித்து வந்திருந்தால் அவருக்கு வந்திருக்குமே. அதே காரணத்தால் ஐந்து வயது மகளையும் கவனியுங்கள்: எதுகைப் பாட்டு, சொல்லின் முதல் ஒலியைச் சொல்லும் விளையாட்டு எல்லாம் வருகிறதா என்று பார்த்தால் இப்போதைக்குப் போதும்.

செய்ய வேண்டியதில் முதலாவது காதும் கண்ணும். இரண்டையும் முறையாகப் பரிசோதித்த பிறகு, உளவியலாளரிடம் அறிவுத்திறனுக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கும் தனித்தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும். ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று முறை வரச் சொல்லலாம். அந்த அறிக்கை சிறப்புக் கல்வியாளருக்கும் பள்ளிக்கும் தேவைப்படும். ஆனால் அறிக்கை வரும் வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை.

வீட்டில் ‘பத்து முறை எழுது’ என்பதை இன்றோடு நிறுத்துங்கள். தப்பாகப் பத்து முறை எழுதினால் தப்புதான் படியும். தினமும் பதினைந்து, இருபது நிமிடம், ஒரே நேரத்தில், ஐந்தாறு சொல் போதும். சொல்லை வாயால் ஒலி ஒலியாகப் பிரிக்கட்டும், ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதட்டும், அப்புறம் நோட்டில். நேற்று வந்ததை இன்றும் கேளுங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள், மறப்பான். திட்டாமல் மறுபடி சொல்லிக் கொடுங்கள். தூங்கப் போகும்போது நீங்கள் கதை வாசியுங்கள், அதில் கேள்வி கேட்காதீர்கள். வாசிக்க வரவில்லை என்பதற்காகக் கதையும் இல்லாமல் போகக் கூடாது. வீட்டுப்பாடம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, ‘அம்மா எழுதியது’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவும் வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்று: முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். வயிற்றுவலியில் பாதி அதோடு போகலாம். பிறகு, கரும்பலகையில் இருப்பதை நகலாகக் கொடுப்பது, எழுத்துப்பிழைக்குச் சமூக அறிவியலில் மதிப்பெண் குறைக்காமல் இருப்பது, வாய்மொழியாகப் பதில் சொல்ல விடுவது, தேர்வில் கூடுதல் நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கடைசியில் சொன்னதற்கு அறிக்கை கேட்பார்கள்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அவனுடைய பழைய நோட்டுகளையும், ஒன்றாம் வகுப்பிலிருந்து எது கிடைத்தாலும், எடுத்துப் போங்கள். சிவப்பு மையில் அடித்த பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள், பார்ப்பவருக்கு அவைதான் வேண்டும்.