கண்ணாடியைக் கழற்றினால் இண்டிகேட்டரும் போகும்

கேள்வி: ஐயா, என்னிடம் 2007ஆம் ஆண்டு சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 600 பைக் இருக்கிறது. அதன் பின்பார்வைக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, ஹேண்டில்பார் முனையில் மாட்டும் சிறிய வட்டக் கண்ணாடிகளையும், ஃபேரிங்கோடு (வண்டியின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறையோடு) ஒட்டிய எல்இடி இண்டிகேட்டர்களையும் பொருத்த விரும்புகிறேன். பின்பக்கம் எல்இடி மாற்றியதுமே இண்டிகேட்டர் படபடவென்று வேகமாகச் சிமிட்டத் தொடங்கிவிட்டது. ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? – வாசகர், பீனிக்ஸ், டர்பன்.

பதில்: முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் முன் இண்டிகேட்டர்கள் கண்ணாடியின் கூட்டுக்குள்ளேயே அமைந்துள்ளன. ஆகவே கண்ணாடியைக் கழற்றும் அன்றே முன் இண்டிகேட்டரும் போய்விடுகிறது. புதிய இண்டிகேட்டர் எங்கே உட்காரும், அதன் ஒயர் எந்த வழியாக வரும் என்பதை முடிவு செய்யாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம்.

வேகமாகச் சிமிட்டுவதற்குக் காரணம் உங்கள் எல்இடியின் குறைபாடு அன்று. இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் சிறு கருவிதான் ரிலே. தன் வழியே பாயும் மின்னோட்டத்தை வைத்தே பல்பு எரிகிறதா என்பதை அது அறிகிறது. 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 2 வாட் எல்இடியோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பதில்லை. பல்பு ஒன்று போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, ஓட்டுபவருக்கு அதைத் தெரிவிக்கவே ரிலே வேகமாகச் சிமிட்டுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதே முறையான அளவு.

ரெசிஸ்டர் போட்டால் வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பல்பு இழுத்த மின்சாரத்தை வெறும் வெப்பமாக்கிக் கழிப்பதுதான் அதன் முழு வேலை என்பதால், நான் அதை விரும்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என் வண்டிக்கு ரெசிஸ்டரைப் பொருத்தி, டேப் சுற்றி, பின்னிருக்கைக்கு அடியில் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் என்3 சாலையோரம் கனமழைக்கு ஒதுங்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் சிமிட்டவிட்டு அரை மணி நேரம் நின்றேன். தீய்ந்த வாடை வரவே இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், டேப் இளகி வழிந்து, கீழேயிருந்த பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் குழி விழுந்திருந்தது. ரெசிஸ்டர்தான் வேண்டுமென்றால், ஒயரும் பிளாஸ்டிக்கும் படாத இடத்தில், உலோகச் சட்டத்தின் மேல் திருகி இறுக்குங்கள்.

எல்இடிக்கென்றே செய்யப்பட்ட ரிலேவை மாற்றுவதே நல்ல வழி. இதில் உங்கள் வண்டிக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சுசுகியின் பல வண்டிகளைப் போலவே இதிலும் இண்டிகேட்டர் ரிலேவும் சைடு ஸ்டாண்டு ரிலேவும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டு முனை கொண்ட பொது ரிலேவை அங்கே செருக முடியாது. வெட்டி ஒட்டி இணைத்தால், ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு கெட்டுப்போகும், அல்லது எஞ்சினே கிளம்பாது. இந்தக் கூட்டு ரிலேவுக்கு மாற்றாக, அதே செருகியில் பொருந்தும் எல்இடி ரிலே என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபேரிங்கோடு ஒட்டிய இண்டிகேட்டர் பார்க்க அழகுதான். ஆனால் பக்கவாட்டில் வரும் மினிபஸ் டாக்ஸி ஓட்டுநருக்கு அது தெரிகிறதா என்பதே என் கவலை. பட்டப்பகலில் ஒரு நண்பரைச் சற்றுத் தள்ளிச் சாய்வாக நிற்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். ஐ.நா. விதிகளின்படி முன் இண்டிகேட்டர்கள் இரண்டுக்கும் இடையே குறைந்தது 240 மில்லிமீட்டரும், பின்னவற்றுக்கிடையே 180 மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும். விளக்கின் மேல் வட்டத்துக்குள் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தும், அங்கீகாரம் தந்த நாட்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்காவின் எண் 47. வேறு நாட்டு எண் இருந்தாலும் குற்றமில்லை, அடையாளமே இல்லாததை வாங்க வேண்டாம்.

இனிக் கண்ணாடி. அதே விதிகளில் வட்டக் கண்ணாடியின் விட்டம் 94 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடையில் அழகாகத் தொங்கும் பல கண்ணாடிகள் அந்த அளவை எட்டுவதில்லை. உங்கள் வண்டியில் இருப்பதுபோன்ற தாழ்வான, இரு துண்டான கிளிப்-ஆன் ஹேண்டிலில் முனைக் கண்ணாடியை மாட்டியபின், ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி, கண்ணாடியோ அதன் தண்டோ டேங்கிலும் ஃபேரிங்கிலும் லீவரிலும் இடிக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. கண்ணாடியின் அடிப்பகுதி கைப்பிடி ரப்பரை அழுத்தினால், முறுக்கிய ஆக்ஸிலரேட்டர் தானாகத் திரும்பாது. ரோபோ (போக்குவரத்து விளக்கு) சிவப்பாக மாறும் நேரத்தில் அது என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரேண்டு நாணயத்தின் தடிப்பளவாவது இடைவெளி விட்டு இறுக்கி, முறுக்கிக் கைவிட்டுப் பத்துமுறை சோதியுங்கள். கழற்றிய பழைய கண்ணாடிகளைத் துணியில் சுற்றி வையுங்கள். வண்டியை விற்கும்போது, அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனைக்கு அவை உதவும்.

கேள்வி: என் சிறிய பைக்கில் நான்கையும் எல்இடியாக மாற்றினேன். இப்போது இடப்பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்து சிமிட்டுகின்றன. ஏன்? – வாசகர், டோங்காட்.

பதில்: உங்கள் மீட்டரில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு அறிவிப்பு பல்பு இருக்க வேண்டும். இடப்பக்க மின்சாரம் அந்தப் பல்பு வழியாக வலப்பக்கத்துக்குக் கசிகிறது. பழைய பல்பை எரிக்க அந்தக் கசிவு போதாது, எல்இடிக்குப் போதும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 என்னும் டையோடு இரண்டு வாங்கி, ஒன்றை இடப்பக்க ஒயரிலும் மற்றொன்றை வலப்பக்க ஒயரிலும் இணைத்து, இரண்டின் வெள்ளிக்கோடு உள்ள முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து அறிவிப்பு பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள். பல்பின் மறுமுனையை எர்த்தில் இணைத்துவிடுங்கள். டர்பன் கரையோரக் காற்றில் உப்பு மிகுதி. ஆகவே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயப்பற்று வைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாய் போட்டு மூடுங்கள்.