செக் எஞ்சின் லைட்டும் கையிலிருக்கும் போனும்: ஓபிடி அடாப்டர் கேள்வி-பதில்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (கார் தன் கோளாறுகளைச் சொல்லும் இடம்) அடாப்டரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்து, காரின் நோயைத் தெரிந்துகொள்ள முயல்பவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பெட்ரோல் கார். ஆப்பில் பி0171, ‘சிஸ்டம் டூ லீன்’ என்ற பிழைக் கோட் வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று இந்த எண் சொல்லவில்லை. உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூட்டிக் கொடுத்துப் பார்த்தும் ஈடுகட்ட முடியவில்லை என்றுதான் சொல்கிறது. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாலேயே உங்களுக்கு இது தெரியவந்திருக்கலாம்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் சூடேறி, கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டட்டும். ஏசியை அணைத்துவிடுங்கள். லைவ் டேட்டாவில் ஷார்ட் டேர்ம் ஃப்யூல் ட்ரிம், லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண்கள்) இரண்டையும் திறந்து, ஐட்லிங்கில் வரும் எண்களைக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நியூட்ரலிலேயே 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி கூட்டுங்கள். ஐட்லிங்கில் +20 பக்கம் நின்றது 2500-ல் +5-க்கு இறங்கினால், கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. வெடித்த வாக்குவம் ஹோஸ், தளர்ந்த கிளிப், இன்டேக் கேஸ்கட் என்று தேடுங்கள். பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற இந்த எண்ணும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் ஏறிய அழுக்கு ஆகியவற்றின் மேல் சந்தேகம் வைக்கலாம்.

ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தும். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அதற்குப் பதில் இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் ஹோஸ் ஓட்டையானால் ட்ரிம் அதிகம் மாறாது, ஐட்லிங் ஆர்பிஎம்தான் கூடும். அத்தகைய வண்டியில் பி0171 வந்தால் பெட்ரோல் பிரஷரையும், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

ஈ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மறக்காதீர்கள். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் எத்தனால் கூடும்போது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவைப்படுகிறது. ஈ10-ஐ மனதில் வைத்து டியூன் செய்த வண்டியில் ஈ20 ஊற்றினால் ட்ரிம் நான்கு சதவீதம் அளவுக்கு ஏறுவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே எல்லையில் நின்ற வண்டிக்கு அந்த நான்கே லைட்டைப் போட்டுவிடும்.

ஐபோனில் அடாப்டர் தெரியவே இல்லை. நண்பரின் ஆண்ட்ராய்டில் உடனே சேர்கிறது. (மதுரை வாசகர்)

உங்களிடம் இருப்பது பழைய வகை புளூடூத் அடாப்டராக இருக்கும். அதை ஐபோன் ஏற்காது. புளூடூத் எல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகை) அல்லது வைஃபை வகை வாங்குங்கள். எல்இ அடாப்டரை போன் செட்டிங்ஸில் தேடாமல் ஆப்பிற்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். வைஃபை வகைக்கு ஆப்பில் கொடுக்க வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. ஆப்புக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கொடுத்தீர்களா என்றும் பாருங்கள், பலரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து வந்த 2004 மொடல் ரிகண்டிஷன் கார் வைத்திருக்கிறேன். அடாப்டர் கொழுவினால் வெளிச்சம் வருகிறது, ஆனால் ஈசியூ தொடர்பு இல்லை என்று காட்டுகிறது. (யாழ்ப்பாண வாசகர்)

முதலில் சாவியை ஆன் நிலையில் வைத்துப் பாருங்கள். 16-ம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருப்பதால், சாவி இல்லாமலே அடாப்டரில் லைட் எரியும். ஆனால் ஈசியூ தூங்கிக்கொண்டிருக்கும்.

அதற்கும் அசையவில்லையென்றால் சிக்கல் வண்டியின் வம்சத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஓபிடி-2 1996 மொடலிலிருந்து கட்டாயமானது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று அந்தக் காலத்தில் செய்த பல கார்களில் சாக்கெட் மட்டும் அதே வடிவம், பேசும் முறை வேறு. கார் ஸ்கேனர் போன்ற ஆப்களில் ஜப்பான் உள்நாட்டு மொடல்களுக்கென்று தனி புரொஃபைல்கள் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து முயன்று பாருங்கள்.

இந்தியாவிலும் வயது முக்கியம். இங்கே ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் பதில் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள்.

முந்நூறு ரூபாய் அடாப்டர் போதாதா? (சேலம் வாசகர்)

கோட் படிக்க மட்டும் என்றால் பல நேரம் போதும். ஆனால் ‘இஎல்எம்327 வி1.5’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது நகல் என்று உறுதியாகச் சொல்லலாம். அடாப்டருக்குள் இருக்கும் இஎல்எம்327 சிப்பைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனமும் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. நகல்களில் சில கட்டளைகள் வேலை செய்யாது, லைவ் டேட்டா திக்கித் திக்கி வரும். மேலே சொன்ன ட்ரிம் சோதனை போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நல்லது.

பழைய கார் வாங்கப் போகிறேன். அடாப்டரை வைத்து எதைப் பார்க்கலாம்? (திருச்சி வாசகர்)

கோட் ஒன்றும் இல்லை என்று ஆப் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காட்ட வருவதற்கு அரை மணி நேரம் முன் அழித்திருக்கலாம். ‘டிஸ்டன்ஸ் சின்ஸ் கோட்ஸ் க்ளியர்டு’ என்று ஒரு அளவு இருக்கும். அதைத் திறங்கள். ஓடோமீட்டரில் 60,000 கிலோமீட்டர் இருக்க, அங்கே 9 கிலோமீட்டர் என்று நின்றால், ஏன் என்று விற்பவரிடம் கேட்டே ஆகவேண்டும். புது பேட்டரி மாட்டினாலும் அது பூஜ்யமாகலாம், அப்படிச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். ரெடினெஸ் மானிட்டர்கள் (ஈசியூ தன் சுயபரிசோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டுபவை) ‘இன்கம்ப்ளீட்’ என்று வரிசையாக நின்றாலும் இதே அர்த்தம்தான். டெஸ்ட் டிரைவ் போய்வந்த பிறகு ‘பெண்டிங்’ கோட் (பிழை தென்பட்டும் இன்னும் உறுதியாகாதது) ஏதும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடாப்டரை எப்போதும் செருகியே வைக்கலாமா? (சென்னை வாசகர்)

கழற்றிவிடுங்கள். 40 மில்லியாம்பியர் இழுக்கும் அடாப்டர் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவரைக் குடிக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள காரை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது ஸ்டார்ட் ஆவது சந்தேகம். மலிவு அடாப்டர்களின் பாஸ்வேர்டு 1234 அல்லது 0000. வைஃபை வகையில் பலவற்றுக்கு அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

லைட் விட்டுவிட்டு மினுக்குகிறது. ஆப்பில் அழித்துவிட்டு ஓட்டலாமா? (நாகர்கோவில் வாசகர்)

கூடாது. மினுக்கினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுப் பொசுக்குகிறது. ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். கோட் எண்ணையும், அதோடு சேமித்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிழை வந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், சூடு எவ்வளவு இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும், மெக்கானிக் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ஏபிஎஸ் லைட் எரிகிறது, ஆப்போ எல்லாம் சரி என்கிறது. (தஞ்சாவூர் வாசகர்)

சாதாரண ஆப்கள் எஞ்சின், புகை சம்பந்தப்பட்ட பொதுவான தகவலை மட்டுமே கேட்கின்றன. ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மொழி. உங்கள் மாடலுக்கான புரொஃபைல் ஆப்பில் இல்லையென்றால், பிரேக் விஷயத்தில் காத்திருக்காமல் கம்பெனி ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.