ஐந்து சதவீத உயர்வு எப்படி ஐம்பது ஆனது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் ஒரு பிரீமியர் லீக் கால்பந்து கிளப்பின் சீசன் டிக்கெட் (சொந்த அரங்கில் நடக்கும் 19 லீக் ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்) எங்கள் வீட்டில் மூன்று உண்டு. போன சீசனில் எனக்கு 820 பவுண்டு. 68 வது வயதில் இருக்கும் அப்பாவுக்குப் பாதி விலை, 410. மகனுக்குக் கால் விலை, 205. இப்போது வந்த புதுப்பிப்புக் கடிதம் விலை உயர்வு 5 சதவீதம் மட்டுமே என்கிறது. ஆனால் முதியோருக்கான தள்ளுபடியைப் பாதியிலிருந்து காலாகக் குறைத்துவிட்டார்கள். மகனுக்கு வரும் அக்டோபரில் 18 வயது நிறைகிறது; அவனை 18-21 பிரிவில் போட்டு முக்கால் விலை கேட்கிறார்கள். மொத்தம் 1,435 பவுண்டாக இருந்தது 2,152.50 ஆகிவிட்டது. தவணையில் கட்டினால் ஒரு நிதி நிறுவனம் வழியாக 5 சதவீதம் கூடுதல் கட்டணம். இது போதாதென்று, 19 ஆட்டங்களில் 15க்காவது டிக்கெட்டைப் பயன்படுத்தாவிட்டால் அடுத்த சீசன் இல்லையாம். அப்பாவால் 12 ஆட்டத்துக்கு மேல் வர முடியாது. லாப நஷ்ட விதிகளால் வேறு வழியில்லை என்கிறது கிளப். இது உண்மையா? புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா? ரசிகர்கள் எதிர்த்தால் பலன் உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லண்டன்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அதைச் செய்யாமல் கிளப்பிடம் பேசப் போனால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள்.

உங்கள் வீட்டுச் செலவு 717.50 பவுண்டு கூடியிருக்கிறது. சரியாக 50 சதவீதம். இதில் 410 பவுண்டு மகனுக்கு வயது ஏறியதால் வருவது. போன சீசனிலேயே அவன் 18-21 பிரிவில் இருந்து, அப்போதும் முக்கால் விலைதான் என்றால், 615 கட்டியிருப்பீர்கள். மீதி 307.50 மட்டுமே கிளப் இந்த ஆண்டு எடுத்த முடிவால் வருவது: உங்களுடையதில் 41, மகனுடையதில் 30.75, அப்பாவுடையதில் 235.75. ஆகவே கிளப்பிடம் நீங்கள் சொல்ல வேண்டிய எண் 50 அல்ல. 1,845 இருந்திருக்க வேண்டியது 2,152.50 ஆனது, அதாவது ஆறில் ஒரு பங்கு உயர்வு. அவர்கள் அறிவித்த 5 சதவீதத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த 307.50இல் முக்கால் பங்குக்கு மேல் ஒரே ஒரு ஓய்வூதியக்காரரின் தலையில் விழுந்திருக்கிறது. அப்பாவின் டிக்கெட் மட்டும் 57.5 சதவீதம் ஏறியிருக்கிறது. தலைப்பில் போடும் சதவீதம் முழுவிலை டிக்கெட்டுக்கானது. சலுகையில் கைவைப்பது அந்தச் சதவீதத்துக்குள் வராது. இங்கிலாந்தில் கடந்த சில ஆண்டுகளாக ரசிகர் அமைப்புகள் விலையோடு சலுகைக் குறைப்பைப் பற்றியும் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

மகன் விஷயத்தில் இன்னொன்று. வயதுப் பிரிவு எந்தத் தேதியில் உள்ள வயதை வைத்து முடிவாகிறது என்று டிக்கெட் விதிமுறைகளில் ஒரு வரி இருக்கும். தேதி கிளப்புக்குக் கிளப் மாறும். அது சீசன் தொடங்கும் நாளை ஒட்டியிருந்தால், அக்டோபரில் பிறந்தநாள் வரும் உங்கள் மகன் அந்தத் தேதியில் 17 வயதுக்காரன்தான். அப்படியானால் அவன் கட்ட வேண்டியது 861இன் கால் பங்கான 215.25. கணினியில் தானாகப் பிரிவு மாறும்போது இந்தத் தவறு நடக்கக்கூடியதே. 430.50 பவுண்டு விஷயம் என்பதால் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி கிளப் சொல்லும் காரணம். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற பிரீமியர் லீக் விதி 2025-26 சீசன் வரை இருந்தது உண்மை. அந்த விதியை மீறியதற்காக 2023-24 சீசனில் எவர்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் புள்ளிகளை இழந்தன. ஆனால் உங்கள் 41 பவுண்டு அந்த நஷ்டத்தை எவ்வளவு குறைக்கும்? 30,000 பேர் முழுவிலை டிக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12.3 லட்சம் பவுண்டு கூடுதலாக வரும். டிக்கெட் விலைக்குள் 20 சதவீத வாட் அடங்கியிருப்பதால் ஆறில் ஒரு பங்கு அரசுக்குப் போய்விடும். கிளப்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 10.25 லட்சம். வாரத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரே ஆட்டக்காரருக்குப் பத்து வாரச் சம்பளம். பிரீமியர் லீக் கிளப்புகளின் மொத்த வருமானத்தில் ஆட்ட நாள் வருமானம் ஏழில் ஒரு பங்கு அளவுதான். பெரும்பகுதி தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருகிறது. ஆட்ட நாள் வருமானத்துக்குள்ளும் ஹாஸ்பிடாலிட்டி இருக்கைகளின் (விருந்து உபசாரத்தோடு விற்கும் விலை உயர்ந்த இருக்கைகள்) பங்கு அவற்றின் எண்ணிக்கையைவிட மிகப் பெரியது. விதியைக் காரணம் காட்டி உங்கள் டிக்கெட்டை உயர்த்துவது கணக்கில் நிற்காத வாதம்.

அப்படியானால் ஏன் உயர்த்துகிறார்கள்? உங்கள் இருக்கையை நீங்கள் இல்லாமலும் விற்க முடியும் என்பதால். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் பாதியில், கட்டணம் கட்டிச் சேர்ந்த கிளப் உறுப்பினர்களுக்கான தனி ஆட்ட டிக்கெட்டுகளில் மீதமிருந்தவற்றை முதியோர், சிறுவர் சலுகை எதுவும் இல்லாமல் 66 பவுண்டு ஆக்கியது. அந்த விலையை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். ஒரே இருக்கையை 19 ஆட்டத்துக்குத் தனித்தனியாக விற்றால் 1,254. சீசன் டிக்கெட்டாக உங்களுக்குக் கொடுத்தால் 861. அப்பாவுக்குக் கொடுத்தால் 645.75. ஊரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் சுற்றுலாப் பயணி ஜெர்சியும் வாங்குவார், அருங்காட்சியகமும் பார்ப்பார். கிளப்பின் கணக்காளர் மேசையில் அப்பாவின் இருக்கை ஆண்டுக்கு 600 பவுண்டு இழப்பாகத் தெரிகிறது. முப்பது வருடம் மழையில் வந்து உட்கார்ந்தவரை அப்படிப் பார்ப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. அந்த அரங்கின் பாட்டும் சத்தமும் இல்லாவிட்டால் தொலைக்காட்சிக்காரர்கள் எதை வாங்குவார்கள்?

15 ஆட்ட விதியையும் இதே இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காலி இருக்கைகளைக் குறைப்பது நல்ல நோக்கம். டிக்கெட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வராதவர்கள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதே விதி, உடல்நிலையால் விட்டுவிட்டு வருபவர்களிடமிருந்து மலிவான இருக்கைகளைக் கிளப்புக்குத் திருப்பிக் கொடுக்கும் கருவியாகவும் வேலை செய்கிறது. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ‘பயன்படுத்துதல்’ என்ற சொல்லுக்குக் கிளப் தரும் பொருளை. பல கிளப்புகளில் அதிகாரப்பூர்வ டிக்கெட் எக்ஸ்சேஞ்சில் (வர முடியாத ஆட்டத்தின் டிக்கெட்டைக் கிளப் வழியாகவே மறுவிற்பனைக்கு விடும் இடம்) போட்டாலோ, கிளப் செயலி வழியாக உறவினருக்கு மாற்றிக் கொடுத்தாலோ அதுவும் கணக்கில் சேரும். போட்டாலே சேருமா, விற்றால்தான் சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கிளப்புகள் அரங்கு முழுதும் விற்றுத் தீர்ந்த பிறகே எக்ஸ்சேஞ்சைத் திறக்கின்றன. அதனால் சிறிய அணிக்கு எதிரான குளிர்கால வார நாள் ஆட்டத்தின் டிக்கெட், அதாவது அப்பா வர முடியாத அதே ஆட்டத்தின் டிக்கெட், விற்காமல் கிடக்கும். மருத்துவக் காரணத்துக்கு விதிவிலக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவின் டிக்கெட் ஓர் ஆட்டத்துக்கு 33.99 பவுண்டு ஆகிறது. 12 மட்டும் பார்த்து மீதி ஏழு ஆட்டங்களை வீணாக விட்டால் பார்த்த ஆட்டம் ஒன்றுக்கு 53.81. ஏழில் ஐந்தை எக்ஸ்சேஞ்சில் விற்க முடிந்து, கழிவு எதுவும் பிடிக்காவிட்டால் 169.95 திரும்பி வரும். ஓர் ஆட்டத்துக்கு 39.65 ஆகும். பொதுவாகச் சலுகை டிக்கெட்டுக்குச் சலுகை விலையின் 19இல் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும், கிளப் அதை முழுவிலைக்கு விற்றாலும். இந்த 39.65ஐ, உறுப்பினர் கட்டணத்தையும் சேர்த்து, முதியோருக்கான தனி டிக்கெட் விலையுடன் ஒப்பிடுங்கள். தனி டிக்கெட் மலிவாக வந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: விட்ட சீசன் டிக்கெட்டைத் திரும்பப் பெறுவது காத்திருப்போர் பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கும், மூவரும் அடுத்தடுத்து உட்காரும் இடம் அநேகமாகத் திரும்பக் கிடைக்காது. கிளப் விலை வைப்பது இந்தப் பயத்தின் மேல்தான். ஆனாலும் அது நியாயமான பயம்.

அப்பா வராத நாளில் நண்பரை அழைத்துப் போவதாக இருந்தால், பெரியவர் யாரும் முதியோர் டிக்கெட்டில் அப்படியே நுழைய முடியாது. வித்தியாசத்தைக் கட்டி மாற்ற வேண்டும். உங்கள் விலையில் அது 11.33 பவுண்டு. வாட்ஸ்அப் குழுவில் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி குற்றம். வாங்கிய விலைக்கே கொடுத்தாலும்தான்.

தவணைக் கட்டணம் 5 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. 2,152.50க்கு 107.63 பவுண்டு. பத்து மாதத்தில் கட்டுவதாக இருந்தால், கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 11 சதவீதத்துக்கு மேல். கிளப்பே வட்டியில்லாத் தவணை தருகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ (கூட்டுறவுக் கடன் சங்கம்) கேட்டு ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் தவணையில் போட்டு மற்றதை மொத்தமாகக் கட்டவும் பெரும்பாலும் வழி இருக்கும்.

எதிர்ப்பால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, நேரம் தவறாவிட்டால். 2016 பிப்ரவரி 6ஆம் தேதி, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கின் புதிய பார்வையாளர் மாடத்தில் (மெயின் ஸ்டாண்ட்) 77 பவுண்டு டிக்கெட் வரப்போகிறது என்ற அறிவிப்பை எதிர்த்து, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான லிவர்பூல் ரசிகர்கள் ஆன்ஃபீல்டை விட்டு வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னணியில் இருந்த அணி 2-2 என்று முடித்தது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கிளப்புகள் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. அதற்குப் பின்னால் 2013இலிருந்து நடந்த ‘ட்வென்டீஸ் ப்ளென்ட்டி’ (இருபது பவுண்டே போதும்) இயக்கம் இருந்தது. வெளியேறியது ஒரு நாள்; அதற்கு முன் ரசிகர் பிரதிநிதிகள் கிளப்புடன் பல மாதம் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். அதனால்தான் எந்த எண்ணை எதிர்ப்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் கோரிக்கைக்கு முன்னுதாரணமும் பழையது. 97 பேரைப் பலிகொண்ட 1989 ஹில்ஸ்பரோ அரங்கக் கூட்ட நெரிசலுக்குப் பின், அரங்கு முழுவதும் இருக்கைகளாக வேண்டும் என்று பரிந்துரைத்த டெய்லர் நீதிபதியின் 1990 அறிக்கை, அதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றத் தேவையில்லை என்றும் சொன்னது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கை 6 பவுண்டு, நின்று பார்க்க 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டியது. முதல் பரிந்துரை சட்டபூர்வமாக அமலானது. விலை பற்றிய வாக்கியத்தைக் கிளப்புகள் விட்டுவிட்டன.

இன்று கையில் இருக்கும் கருவி 2025ஆம் ஆண்டின் கால்பந்து நிர்வாகச் சட்டம். டிக்கெட் விலை பற்றி ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டிய கடமையை, அது உருவாக்கிய ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெறும் கிளப்புகளுக்கு வைக்கிறது. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அந்த அமைப்புக்குத் தரவில்லை. ஆலோசனை வேறு, சம்மதம் வேறு. ஆனால் ஒவ்வொரு பிரீமியர் லீக் கிளப்பிலும் ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது. விலைகள் பொதுவாக வசந்த காலத்தில் அறிவிக்கப்படும்; நிர்வாகக் குழு அதை முடிவு செய்வது அதற்கு முன்பு, குளிர்காலத்தில். ஏப்ரலில் கோபப்படுகிறவர்கள் அச்சடித்த தாளோடு சண்டை போடுகிறார்கள். அக்டோபர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘அடுத்த சீசன் முதியோர் தள்ளுபடி விகிதம்’ என்ற ஒரே வரி ஏற வேண்டும். எத்தனை பேர் அந்தச் சலுகையில் இருக்கிறார்கள், குறைப்பால் கிளப்புக்கு வாட் போக எவ்வளவு கிடைத்தது என்ற இரண்டு எண்களை உங்கள் பிரதிநிதி கேட்கட்டும். ஐந்து சதவீதத்தை எதிர்ப்பதைவிட இது வெல்லக்கூடிய சண்டை. தொகை கிளப்புக்குச் சிறியது, முதியவர்களைத் துரத்துவதாகப் பெயர் வாங்க எந்த நிர்வாகமும் விரும்பாது.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு என்று இருந்தால் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் பணம் போய்விடும். அதற்கு முன் டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: மகனின் வயதைக் கணக்கிடும் தேதி எது, எக்ஸ்சேஞ்சில் போட்ட ஆட்டம் 15இல் சேருமா, அப்பாவின் பிளாக்கைவிட மலிவான பிளாக்கில் அடுத்தடுத்து மூன்று இடம் உண்டா. தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மகனின் பதில் 215.25 என்று வந்தால் உங்கள் மொத்தம் 1,722 ஆகும். அந்த நிலையில் மூன்றையும் புதுப்பிக்கலாம் என்பது என் எண்ணம். வராவிட்டால், அப்பாவின் டிக்கெட்டை விடுவதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள்.

அன்புடன்.